கெட்டுப்போகாத தின்பண்டம்

"உருண்டையைப் பெருசாப் பிடிச்சீங்களா, சின்னதாவா?" என்று கேட்டார் ரேஞ்சர்.

அவள் உள்ளங்கையைக் குவித்துக் காட்டினாள். "எலுமிச்சம்பழம் அளவு இருக்கும் சார். பேரீச்சம்பழத்தைக் கொட்டை எடுத்து மசிச்சு, நிலக்கடலையை ஒண்ணும் பாதியுமாப் பொடிச்சுப் போட்டுப் பிடிச்சது. சட்டுனு செஞ்சுடலாம். ஒரு வாரம் ஆனாலும் கெட்டுப்போகாது."

"வேற?"

"கார்ன்ஃப்ளேக்ஸை வெண்ணெயில புரட்டி, உப்பும் மிளகுத்தூளும் தூவி ஒரு டப்பா. ரஸ்க் ஒரு பாக்கெட். அப்புறம் பிஸ்கட் நடுவுல பீனட் பட்டர் தடவி..." பாதியில் விட்டுவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ரேஞ்சர் ஒன்றும் சமையல் குறிப்புக்காகக் கேட்கவில்லை. மலையில் கூடாரம் போட்டுத் தங்கப் போன அவள் கணவர் நேற்றே வீடு திரும்பியிருக்க வேண்டும். விடாமல் பெய்த மழையில் காட்டுப் பாதை சரிந்து கிடந்தது. அடிவாரத்தில் அவருடைய கார் மட்டும் நின்றது. கையிலிருக்கும் தின்பண்டம் ஒரு மனிதரை எவ்வளவு நேரம் தாங்கும் என்று ரேஞ்சர் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

வனத்துறையின் சின்ன அலுவலகம் அது. ஒரு மேஜை, சுவரில் ஈரம் ஊறிப்போன வரைபடம், மூலையில் இரைந்துகொண்டே இருக்கும் வயர்லெஸ். அவளை அழைத்து வந்திருந்த கொழுந்தன் வாசலுக்கும் மேஜைக்குமாக நடந்துகொண்டிருந்தான்.

"உருண்டையில இனிப்பு ஏதாவது கூடச் சேர்த்தீங்களா? இனிப்பு இருந்தா தெம்பு நிக்கும்."

"உலர்ந்த திராட்சை சேர்த்தேன். நிறையப் போடச் சொன்னார்."

கொழுந்தன் நடையை நிறுத்தினான். "திராட்சையா? கேக்குல ஒண்ணு தட்டுப்பட்டாலே அண்ணன் துப்பிடுவாரே அண்ணி!"

"நானும் அதைத்தான் கேட்டேன் தம்பி. மலைக்குளிருக்கு எல்லாம் பிடிக்கும்னார்."

"பசிச்சா எல்லாம் உள்ள போகும்" என்றார் ரேஞ்சர். "தண்ணிக்கு ஓடை இருக்கு. ஆனா, தனியாப் போனதுதாம்மா தப்பு. வழுக்கி விழுந்தாத் தூக்கிவிடக்கூட நாதியில்லை. கூட ஒரு ஆள் இருந்தாலே பாதி பயம் போயிடும்."

அந்தப் பேச்சு அவளைச் சுருக்கென்று தைத்தது. கிளம்பும்போது கணவர், "நீயும் வர்றியா?" என்று கேட்கத்தான் செய்தார். ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டார். "இந்த முழங்காலை வெச்சுக்கிட்டு நான் மலையேறவா?" என்று சிரித்துவிட்டு, டப்பாக்களை அவர் பையில் அடுக்கிக் கொடுத்தாள். வருஷத்துக்கு ஒரு தடவை தனியாகப் போய்விட்டு வந்தால்தான் தலைப்பாரம் இறங்குகிறது என்பார். அவளும் ஒரு நாளும் தடுத்ததில்லை.

"நான் போயிருக்கணும் சார். என்ன பெரிய முழங்கால் வலி! இல்லைன்னா, யாரையாவது கூட்டிட்டுப் போங்கன்னு மல்லுக்கு நின்னிருக்கணும்."

"நீங்க என்ன அண்ணி பண்ணுவீங்க?"

அவளால் என்ன பண்ண முடியும்? மலையைப் பார்க்கலாம் என்றால் ஜன்னலுக்கு வெளியே வெறும் மேகம். ஓடிப்போய்ப் பேர் சொல்லிக் கத்தலாம் என்றால், தேடும் ஆட்கள் அவளை வாசலிலேயே தடுத்து உட்கார வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். ரேஞ்சர் கொடுத்த டீ ஆடை கட்டிக் கிடந்தது. கைபேசியில் கணவர் எண்ணை மறுபடியும் அழுத்தினாள். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக அதே பெண் குரல் கொஞ்சமும் பதறாமல் சொன்னது.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். யாராக இருந்தாலும் சரி, இந்த நேரத்தில் அவர் பக்கத்தில் ஒரு துணை இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

வயர்லெஸ்ஸின் இரைச்சல் சட்டென்று நின்று குரல் வந்தது. ரேஞ்சர் பாய்ந்து எடுத்தார்.

"சார், ஆள் கிடைச்சாச்சு! பாறைக்கு அடியில ஒதுங்கியிருந்தார். உயிருக்கு ஒண்ணுமில்லை. நல்லாப் பேசறார்."

"அப்பாடா!" என்று கொழுந்தன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாகப் பொத்துக்கொண்டு வந்தன. யாரைக் கும்பிடுவது என்று தெரியாமல் வயர்லெஸ் பெட்டியையே கும்பிட்டாள்.

"கீழே கூட்டிட்டு வர்றோம் சார். தொப்பலா நனைஞ்சு நடுங்கறார். சூடா டீயும் ஒரு கம்பளியும் தயாரா இருக்கட்டும்."

ரேஞ்சர் எழுந்திருப்பதற்குள் அவளே பெஞ்சில் மடித்து வைத்திருந்த கம்பளியை எடுத்துவிட்டாள். உதறி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். முழங்கால் வலித்ததே தெரியவில்லை.

"நானே போத்தி விடறேன் சார்" என்றாள்.

அவள் முகத்தைப் பார்த்த ரேஞ்சருக்கே சிரிப்பு வந்தது. "நீங்களே போத்தி விடுங்கம்மா" என்றார்.

வயர்லெஸ் மறுபடியும் கரகரத்தது.

"ஒரு கம்பளி பத்தாது சார். அவர் சம்சாரமும் நனைஞ்சு போயிருக்காங்க."