புரியலை சார்!

"சார், புரியலை."

வயர்லெஸ் பெண் இப்படிச் சொன்னதும் மேஜருக்குக் காது வரைக்கும் சிவந்துவிட்டது. போர்ப் பயிற்சி நடக்கிற நேரம். பின்னால் ஜெனரல் வேறு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"இதுல என்னம்மா புரியலை? 'முதல் பிரிவு வளமீட்பு இடைநிலைக்கு நகர்க!' அவ்வளவுதானே? அனுப்பு."

"அனுப்பிட்டேன் சார். அப்படின்னா என்ன?"

"சாப்பிடப் போகச் சொல்றேன்!"

கட்டுப்பாட்டு அறையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஒலிபெருக்கியிலும் ஒரு 'அப்பாடா' கேட்டது. மைக் பொத்தானிலிருந்து விரலை எடுக்காமலே அவள் கேட்டிருந்தாள். பேசியது மொத்தமும் மைதானத்துக்குப் போயிருந்தது.

மேஜர் பல்லைக் கடித்தார். ஒவ்வொரு கட்டளையையும் செதுக்கிச் செதுக்கி எழுதுகிறவர் அவர். இவள் வந்து பத்தே நாள். தினமும் இதே ரோதனை.

அடுத்தது, ஆற்றங்கரையில் நின்ற மூன்றாம் பிரிவு.

"மூன்றாம் பிரிவு எதிர்முனை இடப்பெயர்வைத் தொடங்குக!"

அவள் அப்படியே அனுப்பினாள். "புரிந்தது சார்!" என்று பிரிவுத் தலைவரிடமிருந்து கணீரென்று பதில் வந்தது. லாரிகள் உறுமின.

"பார்த்தியா? அவருக்குப் புரியுது."

"எனக்குப் புரியலையே சார்."

"பின்வாங்கச் சொல்றேன்மா! பின்னாடி! பின்னாடி!"

ஒலிபெருக்கி அதிர்ந்தது. ஒரே அலறல்.

"டேய், நிறுத்து! ரிவர்ஸ் எடு! முன்சக்கரம் தண்ணியில இறங்கிடுச்சு!"

ஜெனரல் தொண்டையைக் கனைத்தார்.

"பாருங்க சார்," என்றார் மேஜர் அவசரமாக. "இவ தொணதொணன்னு கேட்டதுல அவரும் குழம்பிட்டார்."

பயிற்சி முடிந்ததும் முதல் வேலையாக ராணுவ மொழி ஆராய்ச்சி மையத்துக்குப் போன் போட்டார்.

"கட்டளைச் சொற்களுக்கு அறிவியல் முறைப்படி அர்த்தம் சொல்லித் தர்றீங்களே, அந்த ஆரம்ப வகுப்புல ஒரு மக்கை உட்கார வைக்கணும். தலையில களிமண்ணைத் தவிர ஒண்ணும் இல்லை."

"பணி எண் சொல்லுங்க சார்."

சொன்னார். மறுமுனையில் மையத்தின் இயக்குநர் அந்த எண்ணை இரண்டு முறை திருப்பிச் சொல்லிப் பார்த்தார்.

"சார், அந்த வகுப்பை இத்தனை வருஷமா நடத்தினதே அவங்கதான். முந்நூறு சொல்லுக்கு அர்த்தம் வரையறுத்ததும் அவங்கதான்."

மேஜர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"அப்புறம் எதுக்கு என் மானத்தை வாங்கறாங்க?"

"உங்க பிரிவுத் தலைவருங்க மூணு பேரும் போன மாசம் அவங்க பரீட்சையில முட்டை வாங்கிட்டு, 'அர்த்தம் கேட்டா மேஜர் கடிச்சுக் குதறிடுவார் டீச்சர்'னு ஒரே அழுகை சார். உடனே இவங்க, 'நீங்க வாயைத் திறக்க வேண்டாம், உங்களுக்கும் சேர்த்து நான் திட்டு வாங்கிக்கறேன்'னு சொல்லிட்டு, மாற்றல் கேட்டு அங்கே வந்துட்டாங்க!"