பூவம்மாளின் செம்மறிக்குட்டி

"இது வெள்ளாடு" என்றாள் மிஷன் துரைசானி.

பூவம்மாளின் புருஷன் சாமுவேல் பாயிலிருந்து எக்கிப் பார்த்தான்.

கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு ஆட்டுக்குட்டி. செம்மண் நிற நூலைக் கொக்கி ஊசியால் பின்னி, உள்ளே இலவம்பஞ்சு அடைத்தது. அதைப் பூவம்மாள் முந்தானையில் பொதிந்து, ஆம்பூர் மிஷன் பங்களா வரைக்கும் கைக்குழந்தையைப் போலக் கொண்டுவந்திருந்தாள்.

விஷயம் இதுதான். மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்துக்குப் பின்னல் டீச்சர் ஒருத்தி வேண்டும். கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிட ஆளுக்கொரு செம்மறிக்குட்டி பின்னிக் கொண்டுவாருங்கள், எது நன்றாக இருக்கிறதோ அதைக் கொண்டுவந்தவளுக்கு வேலை என்று துரைசானி சொல்லியிருந்தாள். வேலையோடு காம்பவுண்டுக்குள் ஒரு ஓட்டு வீடும் உண்டு.

போன ஐப்பசி மழையில் சாமுவேலும் பூவம்மாளும் வீட்டுக்குள்ளே குடை பிடித்துக்கொண்டு சோறு தின்றவர்கள். அந்த ஓட்டு வீட்டில் கட்டிலை எந்த மூலையில் போடுவது என்று நேற்றே ஒரு சண்டை நடந்து முடிந்திருந்தது.

இப்போது பார்த்தால் வெள்ளாடாம்.

நியாயத்தீர்ப்பு நாளில் வெள்ளாடு இடது பக்கம், நரகத்துக்குப் போகிற கூட்டத்தில் நிற்கும் என்று அந்தச் சபையில் பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். அதைக் கொண்டுபோய்க் கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிட முடியுமா?

"கம்பளி எங்கே?" என்று துரைசானி கேட்டாள். அவள் சீமையிலிருந்து வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. அவள் ஊர் ஆடு மெத்தையைச் சுற்றிக்கொண்டு நடக்கும் போலிருக்கிறது.

மேஜையில் பக்கத்திலேயே ஜெயம்மாளின் ஆட்டுக்குட்டி. ஞாயிறு பள்ளிக்கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கும் படத்தைப் பார்த்து அப்படியே பின்னியிருந்தாள். வெள்ளைவெளேரென்று, உடம்பெல்லாம் சுருள் சுருளாக, கழுத்தில் நீல ரிப்பன் வேறு. ஜெயம்மாள் அதற்குள் டீச்சர் முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள்.

பூவம்மாள் ஒன்றும் வாயில்லாப் பூச்சி இல்லை. ஆனால் அன்றைக்குப் பார்த்து வாயைத் திறக்கவில்லை.

சாமுவேலுக்குப் பொறுக்கவில்லை. ஆண்கள் பக்கத்துப் பாயிலிருந்து எழுந்தே விட்டான்.

"செம்மறிதான் தொரசானியம்மா! நம்மூரு செம்மறிக்கு ஏது கம்பளி? வாலப் பாருங்க, தொங்குது. வெள்ளாடா இருந்தா தூக்கிக்கினு நிக்கும்!"

தோல் மண்டியில் பதினாறு வருஷமாக ஆட்டுத்தோல் தரம் பிரிக்கிறவன். இருந்தாலும் கத்தியது கொஞ்சம் ஜாஸ்திதான். பெண்டாட்டி மேல் இவ்வளவு பாசமா என்று பின்னாலிருந்து எவனோ இருமினான்.

பெண்டாட்டிக்குப் புருஷன் சாட்சி சொன்னால் எடுபடுமா? துரைசானி சுற்றுமுற்றும் பார்த்தாள். மண்டி முதலாளி அப்துல் கஃபார் சாயபு, பண்டிகைக்கு வாழ்த்துச் சொல்லப் பழத்தட்டோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவரையே கேட்டாள்.

சாயபு மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டினார். பூவம்மாளின் குட்டியை வெளிச்சத்தில் திருப்பினார். வாலை விரலால் மேலே தூக்கி விட்டார். விழுந்தது. மறுபடியும் தூக்கினார். மறுபடியும் விழுந்தது.

"செம்மறி. சந்தேகமே வாணாம்" என்றார்.

பிறகு ஜெயம்மாளுடையதை எடுத்தார். முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார். பாவம், யார் மனசையும் நோகடிக்கத் தெரியாத மனுஷர்.

"இதுவும் ஷோக்காத்தான் கீது. வேலூர்ல ஒரு தொரை வூட்டுல இந்த ஜாதி நாய் பாத்திருக்கேன்."

பங்களாவே சிரித்தது. ஜெயம்மாள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. துரைசானிக்கும் சிரிப்பு தாங்கவில்லை. பூவம்மாளின் குட்டியைத் தானே எடுத்து, கிறிஸ்துமஸ் மரமாக நட்டு வைத்திருந்த சவுக்குக் கிளையில் எல்லார் கண்ணிலும் படும்படி தொங்கவிட்டாள்.

"பூவம்மா, வேலை உனக்குத்தான்."

சாமுவேலுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அப்பாடா, இனி மழை பெய்தால் பெய்துவிட்டுப் போகட்டும்.

துரைசானி அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. நடுக்கூடத்தில் ஒரு முக்காலியைப் போட்டு, பூவம்மாளை உட்காரவைத்து, கையில் நூலுண்டையையும் கொக்கி ஊசியையும் கொடுத்தாள். அந்தச் சின்னக் காதை எப்படிப் பின்னினாய் என்று எல்லாருக்கும் காட்டு என்றாள்.

பூவம்மாள் ஊசியை இந்தப் பக்கம் திருப்பினாள். அந்தப் பக்கம் திருப்பினாள். அப்புறம் மெல்ல நிமிர்ந்து ஆண்கள் பக்கம் பார்த்தாள்.

சாமுவேல் பாயின் கோரையை எண்ணிக்கொண்டிருந்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் தோல் கட்டு சரிந்து கால் முறிந்து, மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தான். அவன் புலம்பல் தாங்காமல் ஒரு நர்ஸம்மா கையில் ஊசியைக் கொடுத்து, ஏதாவது பின்னிக்கொண்டு கிட என்றாள். அன்றைக்குப் பிடித்த பித்து. வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டுதான் பின்னுவான். மண்டிக்காரர்களுக்குத் தெரிந்தால் ஆயுசுக்கும் விடமாட்டார்கள். இப்போது பின்னால் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப்பேர் மண்டிக்காரர்கள்.

 ஜெயம்மாள் கழுத்தை நீட்டிப் பூவம்மாளின் விரலையே பார்த்தாள்.

பூவம்மாள் ஊசியை மடியில் வைத்துவிட்டு, மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"கை சுளுக்கிக்கிச்சு தொரசானியம்மா. எங்க வூட்டுக்காரரு வந்து காட்டுவாரு" என்றாள், கொஞ்சமும் அசராமல். "நாந்தான் கத்துக்குடுத்தேன். என் அளவுக்கு வராது, தப்பு கிப்பு இருந்தா மன்னிச்சிக்கோங்க."