தோள்பட்டியில் ஓர் அன்டெனா

"இந்த அன்டெனா புதுசு இல்லை, ஐயா. இதுக்குக் காப்புரிமை குடுக்க ஏலாது."

சொன்னவர் அஞ்சலினா. பக்கத்துக் கதிரையில் றிஷானா இருந்தாள்.

மேசைக்கு அந்தப் பக்கம் காப்புரிமைப் பரிசோதகர் ஆனந்தராசா. விண்ணப்பத்துக்கு வந்த எதிர்ப்பைக் கேட்பதற்காகக் கொழும்பிலிருந்து திருகோணமலைக்கே வந்திருந்தார். அவருக்கு அருகில், விண்ணப்பித்த கம்பனியின் சட்டத்தரணி நுஸ்கி. நேற்றுத்தான் விஷயத்தைக் கையில் எடுத்தவர் என்றாலும் முகத்தில் தயக்கம் துளியும் இல்லை.

கடலில் விழுந்தவர் எங்கே மிதக்கிறார் என்று கரைக்கு அறிவிக்கும் சின்னக் கருவி ஒன்று உண்டு. நனைந்த உடம்போடு ஒட்டினால் அதன் சமிக்ஞை செத்துவிடும். அப்படிச் சாகாமல் இருக்க, உயிர்காப்பு அங்கியின் தோள்பட்டிக்குள் செப்பு நூலால் தைக்கப்படும் அன்டெனா இது. இதற்குத்தான் கம்பனி உரிமை கேட்டிருந்தது.

மூதூரில் றிஷானாவின் மகளிர் சங்கமும் அதையேதான் தைத்து மீனவர்களுக்குக் கொடுத்துவருகிறது. போன மாரியில் தோணி கவிழ்ந்தபோது அவள் தம்பி இக்ராமை உயிரோடு கரைசேர்த்தது அந்தத் தோள்பட்டிதான். உரிமை கம்பனிக்குப் போனால் பெண்கள் ஊசியைக் கீழே வைக்க வேண்டியதுதான். அதனால் எதிர்ப்பு சங்கத்தின் பெயரில். அஞ்சலினா அவர்களுக்காகக் கதைக்க வந்தவர்.

"புதுசு இல்லையெண்டால், முந்தி எங்க இருந்தது?" ஆனந்தராசா கேட்டார்.

"மூதூர்க் கரையில. இவையள் விண்ணப்பிக்கிறதுக்கு ரெண்டு வருஷத்துக்கு முந்தியே. ஊர்ச்சனம் முழுக்கப் பாத்தது."

றிஷானா தன் கைபேசியில் பழைய வீடியோவைப் போட்டுக் காட்டினாள். செம்மஞ்சள் அங்கியோடு கழுத்தளவு தண்ணீரில் ஓர் உருவம். கரையில் சமிக்ஞையை வாங்கும் கருவி கீச்சிட, சனம் கைதட்டி ஆர்ப்பரித்தது.

நுஸ்கி சிரித்தார். "ஐயா, இதில தெரியிறது வெறும் பட்டி. நாங்கள் உரிமை கேக்கிறது உள்ளுக்கு இருக்கிற வடிவத்துக்கு. வெளியில நிண்டு பாத்தவைக்கு உள்ளுக்கு என்ன இருக்கெண்டு தெரியுமோ?"

"அது நியாயமான கேள்விதான்," என்றார் ஆனந்தராசா. "வடிவத்தையும் பகிரங்கமாச் சொல்லியிருந்தால்தான் அது பழசு."

றிஷானா எழுந்துவிட்டாள். "சொல்லித் தந்தாங்க, ஐயா! நான் அங்கதான் இருந்தன். நூலை நெளிச்சு நெளிச்சுத் தைக்கணும், கழுத்தடிக்கு வந்ததும் திருப்பணும் எண்டாங்க. உடம்பில படாம இடையில ஸ்பொஞ்ச் வைக்கச் சொன்னாங்க. வந்தவங்க எல்லாருக்கும் பிரிச்சுக் காட்டினாங்க."

"ஆர் காட்டினது?" ஆனந்தராசா கேட்டார்.

"இந்த மிஸ்தான்."

நுஸ்கி அஞ்சலினாவின் பக்கம் திரும்பினார். "அப்படியோ? சரி, கழுத்தடியில ஏன் திருப்ப வேணும்? சொல்லுங்கோ பாப்பம்."

அஞ்சலினா ஒரு வெள்ளைத் தாளை இழுத்துக் கீறத் தொடங்கினார். பேனை ஓரிடத்திலும் நிற்கவில்லை.

"மிதக்கிற ஆளில தண்ணிக்கு மேல நிக்கிறது தலையும் தோளும்தான். அந்தச் சின்ன இடத்துக்குள்ள முழு நீளத்தையும் அடக்க வேணும். நேரா விட்டால் நுனி தண்ணிக்குள்ள போயிடும். அதுதான் திருப்பிறது."

ஆனந்தராசா தாளை வாங்கி, கோப்பில் இருந்த வரைபடத்துக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அச்சொட்டா இருக்கு," என்றார்.

"இருக்கும்தானே, ஐயா!" நுஸ்கியின் குரல் உயர்ந்தது. "எங்கட விண்ணப்பத்தை வாசிச்சுப் பாடமாக்கிப்போட்டு வந்து கீறிக் காட்டுறா. வீடியோவில ஒரு பட்டி, இங்க ஒரு படம். ரெண்டுக்கும் நடுவில எங்கட பொறியியலாளரின்ர மூளையைக் களவெடுத்திருக்கினம். இது பச்சைக் களவு!"

றிஷானாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை பெண்களின் நம்பிக்கையும் களவு என்ற ஒற்றைச் சொல்லில் அடிபட்டுப் போகிறதே. அஞ்சலினாவைப் பார்த்தாள். அவர் முகத்தில் கோபம்கூட இல்லை.

"அந்தப் பொறியியலாளரை நீங்கள் கண்டிருக்கிறீங்களோ?" என்று நுஸ்கியைக் கேட்டார் அஞ்சலினா.

"காணத் தேவையில்லை. கண்டுபிடிச்ச ஆளின்ர பேர் விண்ணப்பத்தில இருக்கு."

"ஒருக்கா வாசியுங்கோ. சத்தமா."

நுஸ்கி எரிச்சலோடு முதல் பக்கத்தைப் புரட்டினார். "கண்டுபிடித்தவர், அஞ்சலினா யோசேப்," என்று வாசித்தார். "அவ இப்ப கம்பனியில இல்லை, விலகிட்டா. அதால ஒண்டும் மாறாது."

அஞ்சலினா தன் அடையாள அட்டையை எடுத்துப் பரிசோதகரின் முன்னால் வைத்தார்.

"மூதூரில சொல்லிக் குடுத்த பிறகுதான் நான் கம்பனியில சேந்தனான். இது ஊருக்குக் குடுத்த சாமான் எண்டு சொன்னன், அவையள் கேக்கேல்ல. என்ர பேர் போட்டு வரப்போற முதலாவது காப்புரிமை இது, ஐயா. தயவுசெய்து தராதேங்கோ."