தாய்ச்செடியும் கன்றும்

வேலூரில் குளிர்சாதனத்தை மருந்துச் செடிகளுக்கு மட்டுமே ஓட்டலாம் என்று சட்டம் வந்தபோது, தெய்வானை உள்ளறையில் ஒரு சோற்றுக்கற்றாழையை வாங்கி வைத்தாள். கற்றாழைக்கு ஏற்றதென்று இருபது டிகிரி வைத்து, யாரும் மாற்ற முடியாதபடி அதன் கட்டுப்பாட்டுப் பெட்டியை அதிகாரிகள் பூட்டிவிட்டுப் போனார்கள். வெளியே ஐம்பது.

ஒரு மதியம் சோதனைக்கு வந்த அதிகாரி மகிமைதாஸ், தொட்டிக்குப் பக்கத்தில் தொங்கிய தூளியைப் பார்த்துவிட்டார்.

"மனுசங்க இங்க இருக்கக் கூடாதும்மா."

"பொறந்து பதினஞ்சு நாளுதான் சார். வெளிய படுக்கவச்சா மூச்சு வாங்குது. இங்க குளிருது, ஆனா தூங்கறான்."

அவர் குனிந்து குழந்தையின் பாதத்தைத் தொட்டார். சில்லிட்டிருந்தது.

"செடி ரெண்டுன்னு எழுதிக்கறேன். ஒண்ணு தாய்ச்செடி, ஒண்ணு கன்னு" என்றவர், தன் சாவியால் பெட்டியைத் திறந்தார். "கன்னுக்கு இருபது ஆகாது. இருபத்தேழு வைக்கிறேன்."

தெய்வானைக்கு அப்போதுதான் அழுகை வந்தது.