கண்ணாடிக்குள் ஒரு மொட்டை

மாலை வெயில் துணிக்கடையின் முன்கண்ணாடியில் சாய்ந்து விழுகிறது. உள்ளே, வழவழத்த தலையுடைய வெள்ளைப் பொம்மைக்கு ஹெப்சி கட்டிவிட்ட அம்மையார்குப்பத்துக் கைத்தறிப் புடவை மடிப்புக்கு மடிப்பு ஒளிர்கிறது. கடைகளுக்கான காட்சி வடிவமைப்பு படித்தவள். இதைப் படமெடுத்து இன்று அனுப்பினால்தான் சென்னை வேலைக்குக் கூப்பிடுவார்கள். தெருவில் நின்று கைப்பேசியை உயர்த்தினால், முதலாளி ராஜவேலு பொம்மையின் தலையில் சந்தனம் பூசிக்கொண்டிருக்கிறார். "இன்னாண்ணா பண்றீங்க!" "வெறும் மொட்டையா நின்னுகினு கீதும்மா. இப்ப பாரு, மலைக்குப் போயி வந்த களை!" பல்லைக் கடித்தபடி அவள் ஈரத்துணியோடு உள்ளே ஓடுகிறாள். அதற்குள், கோயில் மலையில் முடியிறக்கிவிட்டு வந்த சந்தனத் தலைக் குடும்பமொன்று பொம்மையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கடைக்குள் நுழைகிறது. "அது கட்டிகினு கீற புடவையே குடுங்க," என்கிறாள் அந்த வீட்டம்மா. ராஜவேலு பூரித்துப்போய்ப் பொம்மையின் கொசுவத்தை உருவுகிறார். ஹெப்சியின் கைப்பேசியில் ஒரு படம்கூட இல்லை.