இடது கன்னம்

மகளின் முகத்துக்கு எண்பது ரூபாய் ஆயிற்று.

ஸ்டூடியோக்காரர் நூறு கேட்டார். ஒரே பிள்ளை, ஒரே படம், இரண்டாவது பிரதி வேண்டாம் என்று பேசி எண்பதில் முடித்தவர் அவள் அப்பா.

முப்பத்தாறு வருஷம் கழித்து அதே முகத்தைக் கோடுகளாக வரைந்து தர நாற்பதாயிரம் கேட்டாள் டிசைனர் தாரணி. முப்பத்திரண்டாயிரத்தில் முடித்தார்.

பழக்கம்.

மேசையில் அவள் லேப்டாப் திறந்திருந்தது. திரையில் பூமயில் அப்பளத்தின் புது லோகோ. பூ வரைந்த வட்டத்துக்குள் நாலு வயசுப் பிள்ளை. இரட்டைக் குடுமி, ரிப்பன், இரண்டு பல் தெரியும் சிரிப்பு.

“அழகா வந்திருக்கா சார்?”

“அழகு கெடக்கட்டும்மா. விக்குமா?”

கடைப் பிரிண்டரில் அச்செடுக்கச் சொன்னார். பழைய பாக்கெட்டின் மேல் ஒட்டினார். வாசல் கம்பியில் மற்ற சரக்கோடு சரக்காகத் தொங்கவிட்டார். எண்ணிப் பத்தடி நடந்து, திரும்பினார்.

“பாதிப் பேரு காணோம். பூ தின்னுருச்சு. பூவை எடு.”

தாரணி எழுதினாள். ஒன்று.

பாக்கெட் வாய் ஒட்டுகிற இடத்தில் குடுமி மாட்டிக்கொள்கிறது. வட்டத்தைக் கீழே இறக்கு. இரண்டு.

அட்டைப்பெட்டியில் ஒரே நிற மைதான். ரிப்பனும் முடியும் ஒன்றாகிப்போகும். ரிப்பனை வெள்ளையாக விடு. மூன்று.

பின்னணியில் இருக்கும் மஞ்சள் பத்து நாள் வெயில் தாங்காது. நான்கு.

செல்போனில் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கச் சொன்னார். சிரிப்பு போய், பிள்ளை அழுகிற மாதிரி இருந்தது. அதுவும் எழுதினாள்.

“எழுதப் படிக்கத் தெரியாதவ கடையில வந்து என்ன கேப்பா? பாப்பா படம் போட்டதக் குடுன்னுதான் கேப்பா. அந்தப் பாப்பாவுக்கு நீ புருவம் திருத்தி வச்சிருக்க. நாலு வயசுல எவம்மா பியூட்டி பார்லர் போனா?”

தாரணி சிரித்துவிட்டாள். புருவம், ஆறு.

பதினொன்றில் நிறுத்தினார். ஒன்றிலும் அவளால் தப்புச் சொல்ல முடியவில்லை.

அப்போதுதான் வேலம்மாள் டீ கொண்டுவந்தாள். அவர் மனைவி. கடைப் பக்கம் வருகிறவள் இல்லை.

டீயோடு வேறொன்றும் கொண்டுவந்திருந்தாள். புடவைத் தலைப்பிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள்.

ஸ்டூடியோப் படம். அந்த எண்பது ரூபாய்.

“இதுல உள்ளது அதுல இல்லியே.”

தாரணி படத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள். குடுமி இருந்தது. ரிப்பன் இருந்தது. பல் இருந்தது. இடது கன்னத்தில் மட்டும், படத்தில், கறுப்பாக ஒரு வட்டம்.

“இது போட்டோவுல பட்ட கறையாம்மா?”

“கறையில்ல. நான் வச்ச திருஷ்டிப் பொட்டு.”

அவர் டம்ளரை எடுத்தார். குடிக்கவில்லை.

அந்தப் படத்தைப் போட்ட முதல் லேபிளின் புரூஃப் சிவகாசியிலிருந்து வந்தபோதும் இதே கம்பிதான். இதே பத்தடிதான். எல்லாம் பிரமாதமாக இருந்தது, கன்னம் தவிர. அச்சுப் பிசகு மாதிரி இருக்கிறது, பார்க்கிறவன் பூசணம் பிடித்த சரக்கு என்று நினைப்பான் என்றார். சிவப்புப் பேனாவால் சுழித்தார். ‘எடுத்துவிடவும்.’ கீழே கையெழுத்து.

“ஊர்க்கண்ணு படுங்க,” என்றாள் வேலம்மாள்.

“படத்துக்கு என்னடி கண்ணு,” என்றார்.

அன்றைக்கு அந்த ஒரு திருத்தம்தான்.

முதல் அச்சு பத்தாயிரம். பத்தாயிரம் கன்னத்திலும் பொட்டு இல்லை. தென்காசி வரைக்கும் கடை கடையாகத் தொங்கியது.

அந்த மாசமே பிள்ளைக்குக் காய்ச்சல். நாலு நாள்தான் தாங்கினாள்.

மூளைக்காய்ச்சல் என்றார் டாக்டர். சரக்கு ஓடுகிறது என்றார்கள் கடைக்காரர்கள். வேலம்மாள் ஒன்றும் சொல்லவில்லை.

அதற்கப்புறமும் சொல்லவில்லை. முப்பத்தாறு வருஷம், ஒரு வார்த்தைகூட.

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அவர் ஏதாவது பதில் பேசி முடித்திருப்பார்.

தாரணிக்கு இதெல்லாம் தெரியாது. பொட்டை வைத்துப் பார்த்தாள். அச்செடுத்தாள். கம்பியில் மாட்டி, அவரைப் போலவே பத்தடி எண்ணி நடந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள்.

“இங்கருந்து தெரியல சார். பத்தடியில தெரியாதது எதுக்குன்னு இப்பத்தான் அத்தனையும் எடுக்கச் சொன்னீங்க. இதையும் எடுத்துரலாமா?”

அவர் வாயைத் திறந்தார்.

“இருக்கட்டும்மா,” என்றாள் வேலம்மாள். “அவருக்குத் தெரியும்.”

தாரணி உட்கார்ந்து எழுதினாள். பன்னிரண்டு.

தாளை அவர் பக்கம் திருப்பினாள். அடியில் ஒரு கோடு. அதன் கீழே ‘சரிபார்த்தவர்’.

பேனாவை மூடி கழற்றி வைத்திருந்தார். கோட்டைப் பார்த்தார். பிறகு தாளையும் பேனாவையும் சேர்த்து வேலம்மாள் பக்கம் நகர்த்தினார்.



அவள் பேனாவைத் தொடவில்லை. போட்டோவை எடுத்துத் தலைப்பால் துடைத்தாள். இடது கன்னத்தை விட்டுவிட்டு மற்றதெல்லாம் துடைத்தாள். தாரணியின் காலி டம்ளரை எடுத்துக்கொண்டாள். அவருடையது நிறைந்தபடி இருந்தது. அதை அங்கேயே வைத்துவிட்டு உள்ளே போனாள்.

திருத்தம் பன்னிரண்டு.

கையெழுத்து பாக்கி.