முப்பத்தோராவது கையெழுத்து

"இத்தோட மூணாவது தடவை வர்றீங்க. கையெழுத்துப் போட மாட்டேன்னு ரெண்டு தடவை சொல்லிட்டேன்" என்றார் டெல்மர் ஸ்டிட்ஹம், வலைக்கதவைத் திறக்காமலே.

"தெரியும். நாலாவது தடவை வர நேரமில்ல. நாளைக்குக் காலையில ஒன்பதரைக்கு ஜட்ஜ் முடிவு பண்ணப் போறார்" என்றார் வெளியே நின்ற நடீன்.

மழை தூறிக்கொண்டிருந்தது. அறுபது வயதுப் பெண்மணியை நனையவிட டெல்மருக்கு மனம் வரவில்லை. உள்ளே வரச்சொல்லி, சமையலறை மேசையில் காப்பி ஊற்றி வைத்தார்.

மேற்கு வர்ஜீனியாவின் அந்தப் பள்ளத்தாக்கில் யாரும் இப்போது கிணற்றுத் தண்ணீரைத் தொடுவதில்லை. மேலே இருந்த ரசாயன ஆலை தன் கழிவை ஓடையில் விட்டதில் கிணறுகளெல்லாம் கெட்டுப்போயின. டெல்மரின் மனைவி லவீனா சிறுநீரகப் புற்றுநோயில் போய் நாலு வருடம் ஆகிறது. அவரையும் சேர்த்து முப்பத்தொரு குடும்பங்கள் ஃபெடரல் கோர்ட்டில் ஆலை மீது தனித்தனியாக வழக்குப் போட்டிருந்தன.

எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே விசாரணையாக நடத்த வேண்டும் என்று முப்பது பேர் கேட்டிருந்தார்கள். கூடாது, தனித்தனியாகவே நடக்கட்டும் என்றது ஆலை. அதையே சொன்ன இன்னொரு ஆள் டெல்மர். பாதிக்கப்பட்டவரே எதிர்க்கிறார் பாருங்கள் என்று ஆலையின் வக்கீல்கள் தங்கள் மனுவில் அவர் பெயரைத்தான் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அந்த எதிர்ப்பை வாபஸ் வாங்கும் காகிதம்தான் நடீன் கையில் இருந்தது.

"இதப் பாருங்கம்மா" என்றார் டெல்மர். "லவீனா ஆயுசு பூரா வரிசையில நின்னவ. ஆஸ்பத்திரியில வரிசை. தண்ணி லாரி வந்தா ரெண்டு கேனைத் தூக்கிக்கிட்டு வரிசை. செத்த பிறகு கோர்ட்லயும் அவளை முப்பது பேர் பின்னால நிக்க வைக்க என்னால முடியாது. அவ பேரை மட்டும் ஒரு ஜூரி உக்காந்து கேக்கணும்."

நடீன் அவசரப்படவில்லை. காப்பியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் பேசினார்.

"உங்க வழக்கு எத்தனாவதா பதிவாச்சு?"

"இருபத்தாறு."

"தனித்தனியா நடந்தா ஒவ்வொண்ணுக்கும் ஒரு வருஷம்னு வைங்க. லவீனா முறை வரும்போது உங்களுக்கு என்ன வயசு இருக்கும்? அதுதான், டெல்மர், நிஜமான வரிசை. சேத்துட்டா யாரும் யாருக்கும் பின்னால இல்ல. ஆலை என்ன செஞ்சுதுன்னு ஒரே தடவை நிரூபிச்சா போதும். அவங்கவங்க இழப்பை அப்பவும் ஜூரி தனியாத்தான் தீர்மானிக்கும். லவீனா பேரைத் தனியாப் படிப்பாங்க."

டெல்மர் இதை யோசித்ததில்லை. பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர். வக்கீல் சொன்னபோது காதில் ஏறாதது, இந்தப் பெண்மணி சொன்னபோது ஏறியது. இருந்தாலும் விட்டுக்கொடுக்காமல் வழக்கின் முக்கிய சாட்சியைப் பற்றிக் கேட்டார். கழிவை ஓடையில் திறந்துவிட்ட ஆலைத் தொழிலாளி ஒருவன் உண்மையைச் சொல்ல முன்வந்திருப்பதாகவும், அவன் உடம்பு முடியாமல் கிடப்பதாகவும் வக்கீல் சொல்லியிருந்தார்.

"எழுதி வாங்கிக்கலாமே?"

"காகிதத்தைப் படிச்சா ஜூரிக்குக் கொட்டாவி வரும். ஆள் நேர்ல வந்து சொல்லணும். வர்ற இலையுதிர்காலம் வரைக்கும்தான் தாங்குவார்னு டாக்டர் சொல்லிட்டாங்க. முப்பத்தொரு தடவை கூண்டு ஏற முடியாது. ஒரு தடவைதான் முடியும்."

"அத்தனை வருஷம் வாயை மூடிக்கிட்டு இருந்தவன்தானே" என்றார் டெல்மர் கசப்போடு. "அவனை நேர்ல பாத்தா என்ன செய்வேன்னு எனக்கே தெரியாது."

"கோபம் இருக்கத்தான் செய்யும்" என்றார் நடீன். "ஆனா அந்தக் கோபத்துல ஆலைக்கு உதவி பண்ணிடாதீங்க."

சுவரில் லவீனா மாட்டிய கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. டெல்மர் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்தார். காகிதத்தை இரண்டு முறை முழுக்கப் படித்தார். பிறகு, மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினார்.

கையெழுத்துப் போட்டதும் ஏனோ நெஞ்சு லேசானது. எதிரே உட்கார்ந்திருந்தவரைப் பற்றி அப்போதுதான் நினைத்தார். ஆற்றுக்கு அக்கரையிலிருந்து இந்த மழையில் மூன்று முறை வந்தவர். தன் வழக்கை விட்டுவிட்டு ஊரார் வழக்குக்காக வீடு வீடாக ஏறி இறங்குகிறவர். மூன்று முறையும் தன் துக்கத்தையே பேசிவிட்டு, இவரை ஒரு வார்த்தை கேட்காமல் விட்டதை எண்ணி டெல்மருக்கு வெட்கமாக இருந்தது.

"மன்னிச்சுக்கங்கம்மா. நான் கேக்கவே இல்ல. உங்க வீட்ல யாரு போனது? உங்க வழக்கு எத்தனாவது?"

காகிதத்தை மடிக்கப்போன நடீன் நிறுத்தினார். அதை மறுபடி விரித்து, டெல்மரின் முன்னால் மேசையில் வைத்தார்.

"எனக்கு வழக்கு இல்ல டெல்மர். இதைக் கேட்ட பிறகும் கொடுக்க மனசு இருந்தா கொடுங்க. அந்தக் கழிவைப் பத்தொன்பது வருஷம் திறந்துவிட்டது என் வீட்டுக்காரர்தான். சாகுறதுக்கு முன்னால உங்க முப்பத்தொரு பேர் முகத்தையும் பாத்து அதைச் சொல்லிட்டுப் போகணும்னு கிடக்கிறார்."

டெல்மர் தன் கையெழுத்தை இன்னொரு முறை பார்த்துவிட்டு, காகிதத்தை நடீன் பக்கமாகவே நகர்த்தினார்.